தண்ணீர் ஊறும் ஆழப் பள்ளத்தில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்தல்: புதிதாக சைட்டுக்கு வருபவர்களுக்கு

திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை என்று சென்னையின் கடலோரத்தில் எங்கே தோண்டினாலும் மணல்தான். பருவமழை முடிந்த கையோடு தோண்டினால் ஒன்றிரண்டு மீட்டரிலேயே தண்ணீர் தென்படும். சற்று மேற்கே வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் போனால் சதுப்புக் களிமண். அங்கே தண்ணீர் மெதுவாகத்தான் ஊறும், ஆனால் மண்ணுக்கு நிற்கிற தெம்பு கிடையாது. இந்த மண்ணில்தான் மூன்று, நான்கு மீட்டர் ஆழத்தில் கழிவுநீர்க் குழாய் பதிக்க வேண்டியிருக்கிறது. டிப்ளமோ முடித்து முதல் முறையாக சைட்டுக்கு வரும் சூப்பர்வைசர்களையும், சின்னதாக காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யத் தொடங்கியிருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரை இறக்க வேண்டும். அடுத்து பள்ளத்தின் பக்கங்கள் சரியாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும், இதைத்தான் சைட்டில் ஷோரிங் என்பார்கள். ஆள் இறங்குவது மூன்றாவதுதான். இந்த வரிசையை மாற்றச் சொல்லி தினமும் யாராவது கேட்பார்கள். "சார், அரை மணி நேர வேலை, ஒரு ஜாயிண்ட் மாட்டிட்டு ஏறிடுறோம்" என்பார் மேஸ்திரி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, வேலை முடிய வேண்டுமே என்ற கவலையில் சொல்கிறார். ஆனால் மண் சரிவதற்கு அரை மணி நேரமெல்லாம் வேண்டாம். நனைந்த மணல் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2 டன். அது நெஞ்சுவரை மூடினாலே போதும், மூச்சை இழுக்க விலா எலும்பு விரியாது.

தோண்டுவதற்கு முன்

ஆழமான வேலையைக் கோடையில் முடிக்கிற மாதிரி அட்டவணை போடுங்கள். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பெய்யும். அது நின்ற பிறகும் நிலத்தடி நீர் இறங்கப் பல வாரங்கள் ஆகும். நான்கு மீட்டர் பள்ளத்தை நவம்பரில் திறந்து வைத்துக்கொண்டு பம்ப் வாடகை கட்டுவதைவிட, ஆழம் குறைந்த கிளைத் தெருக்களை அப்போதைக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. ஐந்தாறு மீட்டருக்கு மேல் ஆழம் வருகிறது என்றால், திறந்த பள்ளம்தான் வேண்டுமா என்று வடிவமைப்பாளரிடம் கேட்டே ஆக வேண்டும். நடுவில் ஒரு நீரேற்று நிலையம் வைத்து ஆழத்தைக் குறைக்கலாம். நெடுகப் பள்ளம் தோண்டாமல் குழாயை மண்ணுக்குள் ஜாக்கி வைத்துத் தள்ளும் முறையும் இருக்கிறது. ஆள் இறங்கத் தேவையில்லாத பள்ளத்தில் ஆள் சாவதில்லை.

சோதனைக் குழி ஒன்று ஜேசிபி வைத்துத் தோண்டுங்கள். யாரும் இறங்க வேண்டாம். என்ன மண் எந்த ஆழத்தில் மாறுகிறது என்று மேலிருந்தே குறித்துக்கொள்ளலாம். ஓட்டை போட்ட 4 இன்ச் பிவிசி குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் ஜல்லி போட்டு மூடிவிட்டால், தினமும் காலையில் நூலில் எடை கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளக்கலாம். பம்ப் ஓடத் தொடங்கிய பிறகு இந்தக் குழாய்தான் உங்கள் கண். தண்ணீர் உண்மையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

மின்சாரக் கேபிள், குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால் இவற்றின் வரைபடத்தைச் சம்பந்தப்பட்ட துறைகளிடம் வாங்கிவிட்டு, குறுக்கே கையால் தோண்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பக்கத்தில் பழைய குழாய்ப் பள்ளம் இருந்தால் அதன் மண் ஒரு தடவை தோண்டி மூடிய பொலபொல மண். அந்தப் பக்கம்தான் முதலில் சரியும். கசிகிற குடிநீர்க் குழாய் இருந்தால் அதை அடைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

மணலைப் பற்றி ஒரு விஷயம். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் ஈர மணலைக் காலையில் வெட்டினால் சுவர் போல நேராக நிற்கும். பார்க்கிறவர்கள் "மண்ணு கெட்டியா இருக்கு, ஷோரிங் எதுக்கு" என்பார்கள். அந்தக் கெட்டி மணலுடையது அல்ல. மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சூண்டு ஈரம் அவற்றை ஒன்றோடு ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. மதிய வெயிலில் ஈரம் காய்ந்தாலும் சரி, தண்ணீர் ஊறி முழுதாக நனைந்தாலும் சரி, அந்தப் பிடிப்பு போய்விடும். முன்னறிவிப்பு எதுவும் வராது. காலையில் நின்ற சுவரை நம்பி மதியம் ஆளை இறக்காதீர்கள்.

தண்ணீரை இறக்குவது

களிமண்ணில் வேலை சுலபம். பள்ளத்தின் தாழ்வான மூலையில், குழாய் வரும் இடத்தைவிட்டுத் தள்ளி, தண்ணீர் வந்து சேர ஒரு சம்ப் குழி வெட்டி, ஓட்டை போட்ட டிரம் ஒன்றை இறக்கி, சுற்றிலும் ஜல்லி போட்டு, அதற்குள் பம்ப்பை வைத்தால் போதும்.

மணலில் இதே முறையைச் செய்தால் ஆபத்து. பள்ளத்துக்குள் இருந்து உறிஞ்சும்போது தண்ணீர் பக்கச் சுவர் வழியாகவும் அடி வழியாகவும் பள்ளத்தை நோக்கி ஓடிவரும். வரும்போது மணலையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால் மணலில் வெல்பாயிண்ட்தான் சரி. பள்ளத்தின் ஓரமாக, ஒன்று முதல் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, மெல்லிய வடிகட்டிக் குழாய்களைத் தண்ணீர் பீய்ச்சி இறக்கி, எல்லாவற்றையும் ஒரு தலைக்குழாயில் இணைத்து வேக்குவம் பம்ப்பால் உறிஞ்சுவார்கள். தண்ணீர் பள்ளத்தைவிட்டு வெளிப்பக்கமாக ஓடுவதால் சுவர் இறுகி நிற்கும். ஒரு வரிசை வெல்பாயிண்ட் நடைமுறையில் ஐந்து, ஐந்தரை மீட்டருக்கு மேல் இழுக்காது. அதற்கும் கீழே போக வேண்டுமானால் படிக்கட்டு போல இரண்டாவது வரிசை அல்லது ஆழ்குழாய்க் கிணறுகள் தேவைப்படும்.

தோண்டும் அடிமட்டத்துக்குக் கீழே அரை மீட்டராவது நீர்மட்டம் இறங்கியிருக்க வேண்டும். சோதனைக் குழாயில் அளந்து பாருங்கள். பள்ளத்தில் தண்ணீர் தெரியவில்லை என்பது மட்டும் போதாது.

பம்ப் வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தொடங்கிய கொஞ்ச நேரம் கலங்கல் வரும், பிறகு தெளிய வேண்டும். மணிக்கணக்கில் ஓடிய பிறகும் பக்கெட்டின் அடியில் மணல் படிகிறது என்றால், பள்ளத்தைச் சுற்றி ரோட்டுக்கு அடியிலும் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்கு அடியிலும் உள்ள மணலை நீங்கள் உறிஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்திவிட்டு வடிகட்டியைச் சரிசெய்யுங்கள். தெளிந்த தண்ணீரை இறைத்தாலும் பக்கத்து வீடுகளைக் கவனிக்க வேண்டும். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் உள்ள மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் கூடுதல் பாரம் ஏறுவதாகப் பொருள். களிமண்ணில் அது வீட்டை இறக்கும். வேலை தொடங்குமுன் பக்கத்துச் சுவர்களில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரைக் கூட வைத்துக்கொண்டே எடுங்கள்.

இனி, பயப்பட வேண்டிய அறிகுறி. பள்ளத்தின் அடியில் கொதிக்கிற உலைபோல் மணல் குமிழியிட்டு மேலே வந்தால், கீழிருந்து வரும் நீரழுத்தம் மண்ணைத் தூக்குகிறது. கால் வைத்தால் புதையும். அப்போது பெரும்பாலானவர்கள் இன்னொரு பம்ப்பை இறக்கி வேகமாக இறைக்கப் பார்ப்பார்கள். அது நிலைமையை மோசமாக்கும், ஷோரிங்கின் அடி பெயரும். எல்லோரையும் உடனே ஏற்றுங்கள். பள்ளத்துக்குள் ஓடும் பம்ப்பை நிறுத்தித் தண்ணீரை ஏறவிடுங்கள், வெளியே வெல்பாயிண்ட் ஓடட்டும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் நெருங்கினால் கொதிப்பு அடங்கும். பிறகு வெளியிலிருந்து கூடுதல் வெல்பாயிண்ட் போட்டு மட்டத்தை இறக்கிய பிறகே வேலையைத் தொடர வேண்டும்.

டீசல் பம்ப்பைப் பள்ளத்துக்குள் வைக்கவே கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மின் பம்ப் என்றால் 30 மில்லிஆம்பியரில் விழும் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம் வேண்டும். தண்ணீருக்குள் கேபிள் ஜாயிண்ட் இருக்கக் கூடாது. கேபிளைப் பிடித்து பம்ப்பைத் தூக்கக் கூடாது, தொடுமுன் சப்ளையைத் துண்டிக்க வேண்டும். மாற்று பம்ப் ஒன்று டீசலோடு தயாராக நிற்கட்டும். இரவில் கரண்ட் போனால் நீர்மட்டம் திரும்ப ஏறிப் பக்கச் சுவரை ஊறவைக்கும். அதனால் இரவுக் காவலுக்கு நிற்பவருக்கு பம்ப்பை மாற்றிப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

பக்கங்களைத் தாங்குவது

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி, 1.5 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட ஆழமுள்ள பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் அல்லது முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும் என்கிறது. நனைந்த மணலில் சரிவாக வெட்டுவது சென்னைத் தெருவில் நடக்காத காரியம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு விட வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்துக்கு இரு பக்கமும் நாலரை நாலரை மீட்டர், அடியில் ஒரு மீட்டர், ஆக மேலே பத்து மீட்டர் அகலம் வேண்டும். ஷோரிங்தான் வழி.

அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. மூன்று மீட்டர் ஆழம், வெளியே தண்ணீர் தரைமட்டம் வரை நிற்கிறது, பக்கத்தைத் தாங்கும் ஷீட் தண்ணீரைக் கசியவிடாமல் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டுமே ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ நாலரை டன் விசையோடு ஷீட்டைத் தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. பழைய தகர ஷீட்டும் அங்கங்கே நாலு சவுக்குக் கட்டையும் இதைத் தாங்காது. சவுக்குக் கட்டை ஆழம் குறைந்த கெட்டி மண்ணுக்குச் சரி. ஊற்றுள்ள மணலில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஷீட் பைல், இரும்புக் குறுக்குச் சட்டம், திருகு ஜாக்கி அல்லது ஹைட்ராலிக் முட்டு என்று பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்துப் போட்ட வரைபடம் வேண்டும். ஷீட்டின் அடி பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போதுமான ஆழம் இறங்கியிருக்க வேண்டும். குறுக்குவழி தேடுபவர்கள் முதலில் கைவைப்பது இந்த ஆழத்தில்தான், அடி கொதிப்பதும் அதனால்தான்.

முட்டுகளை மேலிருந்து கீழாகப் போட வேண்டும். முட்டுப் போடாத பகுதியில் நின்று முட்டுப் போடக் கூடாது. ஏற்கெனவே தாங்கிய பகுதிக்குள் நின்றோ மேலிருந்தோ மாட்ட வேண்டும். இரும்புப் பெட்டி வகை ஷோரிங் வைத்திருந்தால் ஆள் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். குழாய் முனையைப் பார்க்க என்று பெட்டியைத் தாண்டி நாலடி போகிறவர்களை நானே கத்தி நிறுத்தியிருக்கிறேன். அந்த நாலடிக்குப் பாதுகாப்பே இல்லை.

தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. நான்கு மீட்டர் பள்ளத்துக்கு இரண்டு மீட்டர். குறுகிய தெருவில் இடம் இல்லையென்றால் மண்ணை லாரியில் ஏற்றி வெளியே அனுப்புங்கள். ஜேசிபி, லாரி, குழாய் அடுக்கு எல்லாவற்றுக்கும் இதே தூரம்தான்.

தினமும் காலையிலும், மழை பெய்த பிறகும், சாப்பாட்டு இடைவேளை முடிந்தும் விளிம்பை நடந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல்தான் முக்கியம். அது வழக்கமாக ஆழத்தில் பாதி முதல் முக்கால் பங்கு தூரத்தில் வரும், அதாவது மூன்று மீட்டர் பள்ளத்துக்கு ஒன்றரை மீட்டருக்கு அப்பால். விளிம்பை மட்டும் பார்த்தால் கண்ணில் படாது. தார் ரோடாக இருந்தால் மயிரிழை போலத்தான் தெரியும். சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்தால் விரிசல் அகலுகிறதா என்று புரியும்.

ஆள் இறங்குமுன்

ஏணி 1.2 மீட்டர் ஆழத்திலிருந்தே வேண்டும், தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 30 மீட்டருக்கு ஒரு ஏணி என்பது மத்தியப் பொதுப்பணித் துறை விதி. எந்த இடத்திலிருந்தும் ஏழரை மீட்டருக்குள் ஏணி இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. ஓட வேண்டிய நேரத்தில் 30 மீட்டர் மிக நீளம். இரண்டாவதைப் பின்பற்றுங்கள். முட்டுக் கட்டைகளில் கால் வைத்து ஏற யாரையும் விடாதீர்கள்.

சதுப்பு மண்ணைக் கிளறினாலே வாயு வெளிவரும். பழைய சாக்கடைக்கு அருகில் இன்னும் அதிகம். நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி மேல், நடு, அடி என மூன்று இடத்தில் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைப்பதுதான் தவறு. 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு உணர்வை இழந்துவிடும். மூக்கை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

புதுக் குழாயை ஓடிக்கொண்டிருக்கும் பழைய மேன்ஹோலில் இணைக்கும் நாளில் கூடுதல் கண்டிப்பு வேண்டும். மேல்முனையை பிளக் போட்டு அடைத்து, ஓட்டத்தை பம்ப் வைத்துச் சுற்றிவிட்டு, வெளிப்புறத்திலிருந்து துளையிட்டு இணைக்க வேண்டும். உள்ளே ஆளை இறக்கி அடைப்பெடுக்கச் சொல்லும் பழக்கத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்தத் தொகையும் அந்த வீட்டுக்கு ஆளைத் திருப்பித் தராது. அதனால் எந்தக் காரணம் சொன்னாலும் இறக்காதீர்கள்.

மேலே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை தரக் கூடாது. டீ வாங்கக்கூட அனுப்பக் கூடாது.

குழாய் பதிப்பது

தாழ்வான முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். சாக்கெட் வாய், அதாவது அடுத்த குழாய் நுழையும் அகன்ற முனை, மேல்முனையைப் பார்த்திருக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஊறும் தண்ணீர் முடிந்த பகுதியின் பக்கம் வடியும், வேலை நடக்கும் இடம் ஓரளவு காய்ந்திருக்கும்.

அடியில் சேறு இருந்தால் அதன் மேல் குழாய் வைக்காதீர்கள். சேற்றை வழித்தெடுத்துவிட்டு, மெல்லிய மணலாக இருந்தால் தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 20 மில்லிமீட்டர் ஜல்லி பரப்புங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கான்கிரீட் கொட்டினால் சிமெண்ட் கழுவிப் போய் வெறும் ஜல்லிதான் மிஞ்சும். சாக்கெட் உட்காரும் இடத்தில் சின்னதாகக் குழி எடுங்கள். இல்லையென்றால் குழாய் உடம்பு அந்தரத்தில் நிற்க, சாக்கெட் மட்டும் பாரத்தைத் தாங்கி உடையும். ரப்பர் வளையத்தில் ஒட்டிய மணலைத் துடைத்துவிட்டு சோப்புக் கரைசல் தடவுங்கள். கிரீஸ், ஆயில் ரப்பரைக் கெடுக்கும்.

வாட்டம், அதாவது குழாயின் சரிவு, பார்க்க லேசர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு முனையிலும் மட்டச் சட்டம் நட்டு நூல் கட்டிப் பார்க்கலாம். 200க்கு 1 வாட்டத்தில் இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே 30 மீட்டருக்குக் கிடைப்பது 15 சென்டிமீட்டர் இறக்கம்தான். ஒரு குழாய் இரண்டு சென்டிமீட்டர் தொய்ந்தாலும் அங்கே கசடு தங்கும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் மட்டம் பாருங்கள்.

300 மில்லிமீட்டர் கான்கிரீட் குழாய் இரண்டரை மீட்டர் நீளத்துக்கு 250 கிலோவுக்கு மேல் இருக்கும். இறக்கும்போது அடியில் யாரும் நிற்கக் கூடாது. ஜேசிபி பக்கெட் பல்லில் சங்கிலி மாட்டித் தூக்குவதை அனுமதிக்காதீர்கள். முறையான ஸ்லிங், கொக்கி வேண்டும்.

குழாய் மிதக்கும்

புதியவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான். 315 மில்லிமீட்டர் பிவிசி குழாய் மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். அது ஒதுக்கும் தண்ணீர் மீட்டருக்கு 78 கிலோ. காலியாக மூடப்பட்டிருந்தால் 66 கிலோ விசையோடு மேலே எழும்பும். சரி, கான்கிரீட் குழாய் கனமானதுதானே? 300 மில்லிமீட்டர் உள்விட்டம், 40 மில்லிமீட்டர் சுவர் உள்ள குழாயைக் கணக்குப் போடுங்கள். வெளிவிட்டம் 380. ஒதுக்கும் தண்ணீர் மீட்டருக்கு 113 கிலோ. குழாயின் எடை 102 முதல் 107 கிலோ. அதுவும் எழும்பிவிடும்.

ஆகவே குழாய் பதித்த அன்று மாலை பம்ப்பை நிறுத்திவிட்டுப் போனால், மறுநாள் காலை வாட்டம் மொத்தமும் போயிருக்கும். தண்ணீருக்குள் மூழ்கிய மண்ணுக்குக் கனமீட்டருக்கு ஏறத்தாழ 900 கிலோ எடைதான் மிஞ்சும். பிவிசி குழாய்க்கு மேலே அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு உயரத்துக்காவது மண் இறுகி விழுந்த பிறகே பம்ப்பை நிறுத்த நினைக்கலாம். அதுவரை பம்ப் ஓடட்டும்.

மூடுவது

குழாயின் இரு பக்கமும் ஒரே நேரத்தில், 150 மில்லிமீட்டர் அடுக்காக, கையால் இடித்து நிரப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் கொட்டினால் குழாய் நகரும். குழாய்க்கு மேலே 300 மில்லிமீட்டர் வரும்வரை இயந்திரத்தால் அமுக்கக் கூடாது. முட்டுகளைக் கீழிருந்து மேலாக, மண் ஏற ஏற ஒவ்வொரு வரிசையாகக் கழற்றுங்கள். வேலை முடிந்த களைப்பில் எல்லா முட்டுகளையும் ஒரே நேரத்தில் உருவுகிற நேரம்தான் இந்த வேலையின் இரண்டாவது பெரிய ஆபத்து. பம்ப்பையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள்.

மண் சரிந்துவிட்டால்

யாரும் குதிக்கக் கூடாது. முதல் சரிவுக்குப் பின்னால் இரண்டாவது சரிவு வரும், காப்பாற்றப் போனவர் அதில் மாட்டுவார். 112க்கு அழையுங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. பக்கத்தில் ஓடும் ஜேசிபி, லாரி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆனால் தண்ணீர் இறைக்கும் பம்ப்பை நிறுத்தாதீர்கள், புதைந்தவர் மூழ்கிவிடுவார். புதைந்தவர் மேல் பக்கெட்டை இறக்கித் தோண்டக் கூடாது, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. பக்கத்தைப் புதிதாகத் தாங்கிய பிறகு, கையாலும் சிறு மண்வெட்டியாலும் முதலில் முகத்தையும் நெஞ்சையும் விடுவிக்க வேண்டும். எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று உடனே சொல்ல முடிய வேண்டும். அதற்காகத்தான் இறங்குபவர் பெயரை மேலே நிற்பவர் எழுதி வைக்கிறார்.

கசிவுச் சோதனை

நீர்மட்டம் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகு, ரோடு போடுவதற்கு முன், மேல்முனையை அடைத்துவிட்டுக் கீழ் மேன்ஹோலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு மணி நேரம் மேலிருந்தே பிடித்து அளந்து பாருங்கள். வீட்டு இணைப்புகள் எதுவும் திறந்திருக்கக் கூடாது. மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.ஹெச்.இ.இ.ஓ.வின் கையேடு நிலத்தடிக் கசிவுக்கு வைத்திருக்கும் கணக்கு, கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 500 முதல் 5000 லிட்டர், மேன்ஹோல் ஒன்றுக்கு 250 முதல் 500 லிட்டர். மேல் எல்லையை எடுத்தால்கூட 30 மீட்டர் குழாய்க்கு மணிக்கு 6 லிட்டர், ஒரு மேன்ஹோலுக்கு 21 லிட்டர்தான் வர வேண்டும். அதைத் தாண்டினால் எந்த ஜாயிண்ட் என்று கேமரா விட்டுக் கண்டுபிடியுங்கள். தண்ணீரோடு மணலும் வந்தால் அன்றே அந்த இடத்தில் தடுப்புப் போட்டு வண்டிகளை நிறுத்துங்கள். மணல் உள்ளே போன அளவுக்கு ரோட்டின் அடியில் வெற்றிடம் உருவாகியிருக்கும்.